மொட்டைக் கடிதமும் தபால்காரரும்

மொட்டைக் கடிதம் என்றாலே நமக்கு ஒரு முகச்சுளிப்பு. கல்யாணம் நிச்சயமான வீட்டுக்கு வந்து சேர்கிற அவதூறு, ஆபீஸில் மேலதிகாரிக்குப் போகிற கோள், இவைதாம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ரேஷன் கடையின் எடைக்கல்லைப் பற்றிக் கலெக்டருக்குப் போனதும் மொட்டைக் கடிதம்தான். பெயர் போட்டு எழுதியிருந்தால் எழுதியவர் அந்தத் தெருவில் குடியிருக்க முடிந்திருக்காது. நல்லதையும் கெட்டதையும் ஒரே தபால் பெட்டிதான் வாங்கிக்கொண்டது. ஒரே தபால்காரர்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவரைப் பிடித்துக் கேட்டதில்லை.

இணையத்தில் அந்தத் தபால்காரரைத்தான் முதலில் கேட்கிறார்கள். காரணம், கடிதத்தின் மேல் இருப்பது அவருடைய முகவரி!

புனேயில் சர்வர்களை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். "உங்கள் எண்ணிலிருந்து எங்கள் கம்ப்யூட்டரைத் தாக்குகிறார்கள்", "உங்கள் எண்ணிலிருந்து எங்கள் படத்தைத் திருடுகிறார்கள்" என்று உலகெங்கிலுமிருந்து வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதே என் உத்தியோகம். அந்தக் கடிதங்களில் ஒரு பகுதி 'டோர்' என்ற வலையின் ரிலேக்களைப் பற்றியவை. நம் குடும்பங்களில் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகள் சிலர் இந்த ரிலேயை வீட்டிலோ ஹாஸ்டலிலோ நடத்த ஆசைப்படுவதைக் கேள்விப்படுகிறேன். ஆசை தவறானதல்ல, ஆனால் எதில் கை வைக்கிறோம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இக்கட்டுரை.

ஃபின்லாந்தில் நடந்தது

இந்தச் சங்கடம் புதிதல்ல. 1993-ல் ஹெல்சிங்கியில் யோஹான் ஹெல்சிங்கியுஸ் என்பவர் ஒரு மின்னஞ்சல் சேவையைத் தொடங்கினார். நீங்கள் அவருடைய கம்ப்யூட்டருக்குக் கடிதம் அனுப்பினால், அது உங்கள் பெயரை நீக்கி, ஓர் எண்ணைப் போட்டு, உரிய இடத்துக்கு அனுப்பிவிடும். பதில் வந்தால் உங்களிடம் சேர்க்கும். உலகெங்குமிருந்து லட்சக்கணக்கானவர்கள் இதைப் பயன்படுத்தினார்கள்.

ஆனால் பதிலைச் சேர்க்க வேண்டுமானால் எந்த எண் யாருடையது என்று ஒரு பட்டியல் வேண்டும் அல்லவா? அந்தப் பட்டியல் அவரிடம் இருந்தது. 1995-ல் சயண்டாலஜி என்ற மத அமைப்பு புகார் செய்ய, ஃபின்லாந்து போலீஸார் வந்து, ஒரு பயனாளியின் உண்மை முகவரியைக் கொடுக்கச் செய்தார்கள். 1996-ல் இன்னொரு வழக்கிலும் நீதிமன்றம் அதே திசையில் தீர்ப்புச் சொல்ல, ஆகஸ்ட் மாதத்தில் சேவையையே மூடிவிட்டார்.

அதே மாதம் ஒரு லண்டன் பத்திரிகை, ஆபாசப் படங்கள் அவர் வழியாகப் போவதாக எழுதியது. ஆனால் கடிதங்கள் 16 கிலோபைட்டுக்கு மேல் போகாதபடி அவர் முன்பே வரம்பு கட்டியிருந்தார். படம் அனுப்பவே தோதில்லாத அளவு அது. ஹெல்சிங்கி போலீஸாரே அதை உறுதிசெய்தார்கள். உள்ளே இருப்பதைப் படிக்காமல், இன்ன அளவுதான், இன்ன வகைதான் என்று வாசலில் விதி போடுவது: போக்குவரத்து விதி என்பதற்கு நல்ல உதாரணம் இது. புகார் வந்தபோது அவர் பக்கம் பேசியதும் அந்த விதிதான்.

வெங்காயத் தோல்

பட்டியல் ஓரிடத்தில் இருந்தால் ஆபத்து என்பது அந்தக் கதையின் பாடம். பட்டியலே இல்லாத ஏற்பாடு ஒன்றை 1990-களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் யோசிக்கத் தொடங்கியிருந்தார்கள். அதன் வழித்தோன்றல்தான் டோர். 2002 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. 2006-லிருந்து லாபநோக்கற்ற அமைப்பு ஒன்று அதைப் பராமரிக்கிறது. ரிலேக்களை நடத்துபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள்.

ஏற்பாடு எளிது. அனுப்புகிறவரின் கம்ப்யூட்டர் செய்தியை வெங்காயத் தோல் போல மூன்று உறைகளில் போடுகிறது. முதல் ரிலே மேலுறையைப் பிரிக்கும். யார் அனுப்பினார் என்று அதற்குத் தெரியும்; எங்கே போகிறது என்று தெரியாது. நடு ரிலேவுக்கு இரண்டுமே தெரியாது. மூன்றாவதான 'எக்ஸிட்' ரிலேவுக்குப் போகும் இடம் தெரியும், அனுப்பியவர் தெரியாது. கடைசியில் வங்கியோ பத்திரிகையோ பார்ப்பது மூன்றாவது ரிலேயின் ஐ.பி. எண்ணை மட்டுமே.

ஆகவே புகார் எல்லாம் மூன்றாமவர் தலையில்தான் விடியும். நடுவில் நிற்பவரை யாரும் தேடி வருவதில்லை. ரிலே நடத்த நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுவே.

வாசல்காரரின் பட்டியல்

எக்ஸிட் ரிலே எல்லாவற்றையும் வெளியே விட வேண்டும் என்று கட்டாயமில்லை. எந்த வாசல் வழியாக விடலாம் என்று நடத்துபவர் ஒரு பட்டியல் எழுதிவைக்கலாம். இணையத்தில் ஒவ்வொரு வேலைக்கும் 'போர்ட்' என்ற எண்ணுள்ள வாசல் உண்டு. இணையப் பக்கங்களுக்கு 80, 443. மின்னஞ்சல் சர்வர்கள் ஒன்றுக்கொன்று கடிதம் கொடுத்துக்கொள்ள 25. தொலைவிலிருக்கும் சர்வரைத் திறந்து வேலை செய்ய 22.

பட்டியலை ரிலே மேலிருந்து கீழே படிக்கும். முதலில் பொருந்தும் வரி எதுவோ அதுவே தீர்ப்பு. அதற்குக் கீழே எழுதியிருப்பதை அது பார்க்காது. "எல்லாரும் போகலாம்" என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டு, பத்தாவது வரியில் "இவர் போகக்கூடாது" என்று எழுதிப் பயனில்லை.

டோர் மென்பொருளுடன் வரும் பட்டியலே 25-ஐ அடைத்துவிடுகிறது. இல்லையென்றால் குப்பை அஞ்சல் அனுப்புகிறவர்கள் ஒரே நாளில் அந்த எண்ணை நாறடித்துவிடுவார்கள். சினிமாப் படங்களைப் பங்கிடும் டொரண்ட் மென்பொருள்களின் வழக்கமான வாசல்களான 6881 முதல் 6999 வரையும் அதில் அடைபட்டவையே. ஆனால் டொரண்ட் வேறு வாசல்களிலும் போகும். அதனால் 'சுருக்கிய பட்டியல்' என்று இன்னொன்று வைத்திருக்கிறார்கள். அடைக்க வேண்டியதை எழுதுவதற்குப் பதில், திறக்க வேண்டியதை மட்டும் எழுதி மற்றதையெல்லாம் அடைப்பது அதன் முறை. படத் திருட்டுப் புகார்கள் இதில் பெருமளவு குறைகின்றன. இன்னும் அமைதி வேண்டுமென்றால் 22-ஐயும் அடைக்கலாம். கடவுச்சொல்லை ஊகித்துச் சர்வருக்குள் நுழையப் பார்க்கிறார்கள் என்ற புகார்கள் அதோடு நிற்கும்.

ஒரு குறிப்பிட்ட தளத்தார், "உங்கள் ரிலேயிலிருந்து எங்களுக்கு எதுவும் வரவேண்டாம்" என்றால், அந்த ஒரு முகவரியை மட்டும் அடைத்து ஒரு வரி சேர்க்கலாம். இவையெல்லாம் பகிரங்கமான விதிகள். டோர் வலையில் யாரும் பார்க்கலாம். பார்த்துத்தான் அனுப்புகிறவரின் கம்ப்யூட்டர் வழி தேர்ந்தெடுக்கிறது.

ஆனால் ஓர் எல்லை உண்டு. வாசலை அடைக்கலாம், உறையைப் பிரித்து உள்ளே எட்டிப் பார்க்கக்கூடாது. அப்படிப் பார்க்கிற, திருத்துகிற எக்ஸிட்களைக் கண்டுபிடித்து 'மோசமான எக்ஸிட்' என்று முத்திரை குத்தி ஒதுக்கிவிடுகிறார்கள். சட்டமும் அந்தப் பக்கமே நிற்கிறது. நம் நாட்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 79-ஆம் பிரிவு, இடையில் நின்று கடத்துபவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆனால் அனுப்புவதை அவர் தொடங்கியிருக்கக்கூடாது, பெறுபவரைத் தேர்ந்தெடுத்திருக்கக்கூடாது, உள்ளடக்கத்தைத் தேர்வோ திருத்தமோ செய்திருக்கக்கூடாது என்கிறது. பிரித்துப் படிக்க ஆரம்பித்தவர் அப்புறம் நான் வெறும் தபால்காரர் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

புகாருக்குப் பதில்

எங்கள் பிரிவுக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை மனிதர் எழுதியவையே அல்ல, மெஷின் எழுதியவை. அவற்றுக்குப் பதில் போட்டாலும் படிக்க ஆளில்லை. ஆனாலும் பதில் போட வேண்டும். பதில் வராத புகார் மறுபடி வரும். அடுத்த முறை மேலிடத்துக்குப் போகும். வாடகைக்கு விட்ட நிறுவனத்தின் பக்கத்து எண்களும் கறுப்புப் பட்டியலில் ஏறும்; ஒன்றுமறியாத வேறு வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் போய்ச் சேராது. அப்போது நிறுவனம் என்ன செய்யும்? சர்வரை அணைத்துவிடும். ரிலேக்கள் அணைக்கப்பட்டதை நான் கண்ட இடங்களிலெல்லாம், காரணம் புகார் வந்ததல்ல, வந்த புகாருக்கு வாடிக்கையாளர் வாய் திறக்காததே.

நன்றாக நடத்திய ஒரு வாடிக்கையாளரின் முறையைச் சொல்கிறேன். சர்வர் எடுக்கும்போதே, "இது டோர் எக்ஸிட், புகார் வரும், நான் பதில் சொல்கிறேன்" என்று எழுத்தில் சொன்னார். அந்த எண்ணின் பெயரிலேயே 'டோர் எக்ஸிட்' என்று தெரியும்படி பதிவு செய்தார். அந்த எண்ணைப் பிரௌசரில் தட்டினால், இது என்ன, யாரை அணுகுவது என்று விளக்கும் ஒரு பக்கம் திறக்கும். தன் சொந்த வேலை எதற்கும் அந்தச் சர்வரைப் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு புகாருக்கும் 24 மணி நேரத்துக்குள் பதில். அந்தப் பதிலும் நாலே விஷயம்தான்:

"தாங்கள் குறிப்பிட்ட எண் ஒரு டோர் எக்ஸிட் ரிலே. இங்கிருந்து வந்தது போலத் தெரிவது வேறொருவர் அனுப்பியது. அவர் யாரென்று அறியும் பதிவேடு எங்களிடம் இல்லை. தங்கள் முகவரியை இன்று எங்கள் பட்டியலில் அடைத்துவிட்டோம். எல்லா டோர் எக்ஸிட்களின் எண்களும் பகிரங்கமாகக் கிடைக்கின்றன; வேண்டுமானால் அனைத்தையும் தாங்களே தடுத்துக்கொள்ளலாம்."

சண்டை இல்லை, சட்டப் பிரசங்கம் இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு உடனே பயன்படும் ஒரு வழி இருக்கிறது. எங்கள் மேலாளர் அந்தக் கடிதத்தை மற்றவர்களுக்கும் மாதிரியாகக் காட்டச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் கேட்ட கேள்வி

எல்லாப் புகாரும் இப்படி முடிவதில்லை. 2018-ல் ஒரு மாவட்டத்தின் சைபர் போலீஸிலிருந்து கடிதம் வந்தது. கல்லூரி மாணவி ஒருத்திக்குப் போலிக் கணக்கிலிருந்து தொடர்ந்து மிரட்டல். எண், எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் எக்ஸிட். கடிதத்தில் 14-ஆம் தேதி விடிகாலை 2.10 என்று இருந்தது. இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்தால் சர்வதேச நேரப்படி 13-ஆம் தேதி இரவு 8.40. இந்தக் கணக்கு முக்கியம். பதிவேடுகள் பெரும்பாலும் சர்வதேச நேரத்தில் இருப்பவை. ஒரு தேதி மாறினால் சம்பந்தமில்லாத ஒருவர் வீட்டுக் கதவு தட்டப்படும்.

ஓர் எண் இன்ன தேதியில் டோர் ரிலேயாக இருந்ததா என்று யாரும் பார்த்துக்கொள்ள டோர் அமைப்பே 'எக்ஸோனரேட்டர்' என்ற வசதியை வைத்திருக்கிறது. அதை அச்செடுத்து, வாடிக்கையாளரின் பதிலையும் சேர்த்துக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் நேரிலேயே வந்தார். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மராத்தியில் கேட்டார்: "அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு யார் பொறுப்பு, சார்?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் தயாரான பதில் இருக்கவில்லை. எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அந்தக் கணக்கு வேறு எண்களிலிருந்தும் திறக்கப்பட்டிருக்கிறதா என்று கணக்கை நடத்தும் நிறுவனத்திடம் கேட்கும்படி மட்டும் சொன்னேன். ஒரே ஒரு முறை அவன் சோம்பேறித்தனமாகத் தன் கைப்பேசியிலிருந்தே நேராகத் திறந்திருந்தான். அதில் அகப்பட்டான், அந்தப் பெண்ணுடன் படித்தவன். எப்போதும் இப்படி அகப்படுவார்கள் என்று நான் சொல்லமாட்டேன். டோர் ரிலே நடத்துகிறவர், தன் வழியாகச் சில கெட்ட கடிதங்களும் போகும் என்பதை ஒப்புக்கொண்டே நடத்த வேண்டும். ஒப்புக்கொள்ள மனமில்லாதவர் எக்ஸிட் நடத்தாமல் இருப்பதே நேர்மை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் ரஷ்யா டோரை முடக்கத் தொடங்கியது; 2022 செப்டம்பரில் ஈரானில் பெண்கள் தெருவில் இறங்கியபோது அரசு இணையத்தை நெரித்தது. வெளியுலகோடு பேச அவர்களுக்குக் கிடைத்த சந்துகளில் இதுவும் ஒன்று. நம் நாட்டிலும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அடிக்கிற கணவனுக்குத் தெரியாமல் உதவி தேடுகிற பெண்ணுக்கும், நோயைப் பற்றி ரகசியமாகப் படிக்க விரும்புகிறவருக்கும் அந்த உரிமை வேண்டும்தானே!

நூலகமும் சிறைச்சாலையும்

2015-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் லெபனான் என்ற சிற்றூரின் கில்ட்டன் நூலகம் ஒரு ரிலே வைத்தது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிலிருந்து உள்ளூர்ப் போலீஸுக்குத் தகவல் போக, போலீஸார் நூலகத்தாரைச் சந்தித்துக் கவலை தெரிவித்தார்கள். நூலகம் ரிலேயை நிறுத்திவைத்துவிட்டு, செப்டம்பர் 15-ல் நிர்வாகக் குழுக் கூட்டத்தைக் கூட்டியது. ஊர் மக்கள் வந்து பேசினார்கள். விவாதித்து, மீண்டும் இயக்குவது என்று முடிவாயிற்று.

தனி மனிதர்கள் கதை வேறு. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகர இளைஞர் ஒருவரின் வீட்டில் 2012-ல் சோதனை நடந்தது. அவர் நடத்திய எக்ஸிட் வழியாக யாரோ குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாசப் படங்களைக் கடத்தியிருந்தார்கள். 2014-ல் அவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை கிடைத்தது. அரட்டையில் அவர் விளையாட்டாக எழுதியிருந்த வரிகளும் அவருக்கு எதிராகத் திரும்பின. மாஸ்கோவில் 2017 ஏப்ரலில் எக்ஸிட் நடத்திய கணித ஆசிரியர் ஒருவர், வேறு யாரோ எழுதிய கலவரப் பதிவுகளுக்காகக் கைதானார். சிறையிலும் வீட்டுக் காவலிலும் மாதக்கணக்கில் இருந்தார். 2018-ல்தான் வழக்கு கைவிடப்பட்டது.

நிறுவனமாக, பகிரங்கமாக, கூட்டம் போட்டு முடிவெடுத்து நடத்தியவர்களுக்கு அது விவாதமாயிற்று. வீட்டு மேஜைமேல் தனியாக நடத்தியவர்களுக்குக் கதவு தட்டப்பட்டது.

நம் வீடுகளுக்கு

வெளியூரில் பிழைக்க வந்த நம்மில் பலர் வாடகை வீட்டுக்காரர்கள். இணைய இணைப்பு பல வீடுகளில் வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கிறது. போலீஸ் கடிதம் வந்தால் அது முதலில் போவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. "மதராஸிக்கு வீடு கொடுத்தேன், போலீஸ் வந்துவிட்டது" என்று அவர் சொன்னால், அடுத்த மாதம் வேறு வீடு தேட வேண்டியதுதான். ஹாஸ்டலில் நடத்தினால் படிப்புக்கே உலை வைக்கும். எனவே:

எக்ஸிட் ரிலேயை வீட்டு இணைப்பில் ஒருபோதும் வைக்க வேண்டாம். வைத்தே தீர வேண்டும் என்றால் தனிச் சர்வர், முன்கூட்டி ஒப்புதல் தந்த நிறுவனம், தெரிந்த வழக்கறிஞர், கூடவே நாலைந்து பேர் சேர்ந்த அமைப்பு வேண்டும். சர்வர் வாடகைக்கு விடுபவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி முதலியவற்றை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ல் உத்தரவிட்டிருப்பதையும் நினைவில் வைக்கவும்.

நடு ரிலேவுக்குப் புகார் வருவது அபூர்வம். ஆனால் எல்லா ரிலேக்களின் எண்களும் பகிரங்கம் என்பதால் சில வங்கித் தளங்களும் படத் தளங்களும் நடு ரிலேயின் எண்ணையும் சேர்த்துத் தடுத்துவிடுகின்றன. அப்பாவின் பென்ஷன் கணக்கு திறக்கவில்லை என்றால் வீட்டில் யாருக்குத் திட்டு விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, அளவு. விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் இடைவிடாமல் ஓடும் ரிலே நாளொன்றுக்கு 108 ஜி.பி., 30 நாளில் 3240 ஜி.பி. வாங்கும், வாங்கியதை மறுபடி அனுப்பவும் செய்யும். மாத வரம்புள்ள வீட்டு இணைப்பு அதிலேயே தீர்ந்துவிடும். வேக வரம்பும் மாத வரம்பும் ரிலேயின் அமைப்பிலேயே போடலாம். முதல் நாளே போட்டுவிட வேண்டும். மேலும், பல வீட்டு இணைப்புகளில் ஒரே எண்ணை நூறு வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றில் ரிலே வேலை செய்யாது.

அப்படியானால் பிள்ளை என்ன செய்வது? 'ஸ்னோஃப்ளேக்' என்று ஒன்று இருக்கிறது. பிரௌசரில் சேர்த்துக்கொள்ளும் சிறு இணைப்பு. தடை செய்யப்பட்ட நாட்டில் இருப்பவரை டோர் வலையின் வாசல்வரை கொண்டுபோய் விடுவது மட்டுமே அதன் வேலை. வெளி உலகுக்குப் போகிற வாசல் நம் வீடு அல்ல. ஆகவே புகார் நம் எண்ணுக்கு வராது. எண்ணைப் பகிரும் இணைப்பிலும் ஓடும். பிரௌசரை மூடினால் நின்றுவிடும்.

என் வீட்டில் ஓடுவது அதுதான். அதுவும் என் சொந்தப் பெயரில் உள்ள இணைப்பில், வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிட்டு. மாலையில் பார்த்தால் இன்று இத்தனை பேருக்கு வழி கிடைத்தது என்று ஓர் எண் தெரியும். சில நாள் மூன்று, சில நாள் இருபது. அவர்கள் யார், எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது. தபால்காரருக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.